கொல்லைச் சொம்பு

சாம்பமூர்த்தி குருக்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கக்கூஸ். அது பௌர்ணமிக்கு முதல் நாள் சாயங்காலம் பார்த்து அடைத்துக்கொண்டது. வேறு எந்த நாளில் அடைத்திருந்தாலும் சமாளித்திருக்கலாம். கிரிவலம் சுற்றுவதற்கென்று காஞ்சிபுரத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்து இறங்கிய உறவுக்காரர்கள் பதினோரு பேர் கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். ராத்திரி பொங்கலும் கொத்சுமாக ஒரு பிடி பிடித்தவர்கள். விடிந்ததும் ஒவ்வொருவராகக் கொல்லைக்குப் போய், போன வேகத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

அந்தத் தெருவில் யார் வீட்டில் பிறந்தாலும் இறந்தாலும் எத்தனை நாள் தீட்டு என்று கேட்பதற்குக் குருக்களிடம்தான் வருவார்கள். அப்பேர்ப்பட்டவர் அன்று காலை துண்டால் முக்காடு போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறை வரிசையில் நின்றுவிட்டு வந்தார். வந்ததும் வராததுமாகத் தலைக்கு நாலு குடம் ஊற்றிக்கொண்டு கத்தினார்.

"அந்த மண்ணாங்கட்டிக்குப் போன் போட்டாச்சா இல்லையா? ஆத்துல பதினோரு பேர வெச்சுண்டு இது என்ன மானக்கேடு?"

"போட்டாச்சுப்பா. வந்துண்டிருக்கானாம்" என்றான் மகன் விக்னேஷ்வரன்.

அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்த சைலஜாவுக்குக் கை நின்றுவிட்டது. விக்னேஷ்வரனின் மனைவி அவள். கல்யாணமாகி ஐந்து வருஷம். குழாய்க்குள் என்ன அடைத்திருக்கிறது என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

அவள் மூன்று மாதம் முழுகாமல் இருப்பதாக வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நாளைக்கு முன்னால், எல்லோரும் மத்தியானத் தூக்கத்தில் இருந்தபோது, அந்தக் கக்கூஸில் குந்தியிருந்த நேரத்தில் அது கலைந்துவிட்டது. வாயில் புடவைத் தலைப்பைத் திணித்துக்கொண்டு கத்தாமல் இருந்தாள். இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு வெளியே வந்து, ராத்திரிச் சமையலுக்குக் கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்தாள். அன்றிலிருந்து ரத்தப்போக்கு நிற்கவில்லை. பழைய பச்சைச் சுங்குடிப் புடவையைக் கிழித்துக் கிழித்து வைத்துக்கொண்டாள். அந்தத் துணியை எங்கே போடுவது? முனிசிபாலிட்டிப் பெண்கள் குப்பையைப் பிரித்துக் கொடுக்கச் சொன்ன நாளிலிருந்து, பச்சைத் தொட்டியையும் நீலத் தொட்டியையும் மாமியார் உண்ணாமுலைதான் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு கிளறிப் பார்ப்பாள். தொட்டியில் போட முடியாததெல்லாம் கக்கூஸுக்குள் போயிற்று.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பவர்களுக்கு அந்த வீட்டைத் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் கரு கலைந்தபோது சொன்னாள். பின்கட்டு ஸ்டோர் ரூமில் சாக்கு விரித்துப் பத்து நாள் படுக்க வைத்தார்கள். தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, வந்தவர் போனவரிடமெல்லாம், "நம்மாத்துப் பசுவுக்குக்கூட வயிறு ஒழுங்கா நிக்கறது" என்றாள் உண்ணாமுலை. இந்தத் தடவை, நாள் தள்ளிப்போனது தெரிந்தபோதே சொல்லிவிட்டாள்: "இதுவும் தங்கலேன்னா காஞ்சிபுரத்துக்கே பஸ் ஏத்தி விட்டுடுவேன். எம்பிள்ளைக்கு வேற பாக்கத் தெரியும் எனக்கு." காஞ்சிபுரத்தில் சைலஜாவின் அப்பாவுக்குக் கண் தெரியாது. கல்யாணத்துக்கு ஒரு தங்கை வேறு இருந்தாள்.

அதோடு, இது பூஜை முறை மாதம். கிரிவலப் பாதையில் ஒரு சின்னக் கோயிலில் குருக்களுக்கும் அவருடைய பங்காளிகளுக்கும் மாதத்துக்கு ஒருவராக முறை. இந்தப் பௌர்ணமி இவர்களுடையது. ஐந்து நாளாகச் சைலஜா கையால் பொங்கின நைவேத்தியம்தான் சுவாமிக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்த உடம்போடு அடுப்பைத் தொட்டாள் என்று தெரிந்தால் மாமியார் பஸ் வரைக்கும்கூட விடமாட்டாள். பௌர்ணமி கழியட்டும், உறவுக்காரர்கள் போகட்டும், அப்புறம் வயிற்றை வலிக்கிறது என்று டாக்டரிடம் போய், அன்றைக்குத்தான் கலைந்ததாக ஆக்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். டாக்டர் வாயால் சொன்னால் அது விதி. அவள் வாயால் சொன்னால் குற்றம்.

மண்ணாங்கட்டி ஒன்பது மணிக்கு டி.வி.எஸ்.ஸில் வந்தார். அடைப்பு எடுக்கிறவர், ஐம்பது வயது இருக்கும். கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஊர். ஹேண்டில்பாரில் ஒரு சிமெண்ட் சாக்கு, கேரியரில் நீள மூங்கில் பிளாச்சு. அந்த வீட்டில் முப்பத்திரண்டு வயது விக்னேஷ்வரனும் அவரை 'டா' போட்டுத்தான் கூப்பிடுவான்.

முன்காலத்தில் இந்த மாதிரி வேலைக்கு வருகிறவர்கள் பின்சந்து வழியாக வந்து போய்விடுவார்கள். அந்தச் சந்தைத்தான் குருக்கள் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் வளைத்துப் போட்டு ஸ்டோர் ரூம் கட்டிக்கொண்டார். பின்னால் வழி அடைபட்டுப் போனதால், கொல்லையில் கழிவுக்குழாய் வந்து சேர்கிற சேம்பருக்குப் போக வேண்டியவர் வாசல், கூடம், அடுப்படி ஓரம் என்று வீட்டின் குடலுக்குள்ளேயே நடந்தாக வேண்டும். அதற்கு உண்ணாமுலை ஒரு உபாயம் வைத்திருந்தாள். வாசற்படியிலிருந்து கொல்லை வரைக்கும் பழைய நியூஸ் பேப்பரை விரித்துவிடுவாள்.

"செருப்ப வாசல்லயே விடு. பேப்பர் மேலயே நட. செவுத்துல கை வெக்காதே" என்றாள்.

"சரிங்கம்மா."

"போன தடவ தூண்ல கை வெச்சுட்டே. நாலு கொடம் ஜலம் விட்டு அலம்பினேன்."

"பேப்பர் வழுக்கிடுச்சிங்கம்மா. அதான் புடிச்சிக்கினேன்."

"வழுக்கினா விழு. பிடிச்சுக்காதே."

கூடத்தில் இருந்த விழுப்புரத்து மாமா இதைக் கேட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மண்ணாங்கட்டியும் கூடச் சிரித்தார். சிரிக்காமல் இருந்தால் அதற்கும் ஒரு பேச்சு வரும் என்று அவருக்குத் தெரியும்.

கொல்லையில் சேம்பர் மூடியைக் கடப்பாறையால் நெம்பித் தள்ளினார். நாற்றம் அடுப்படிக்குள் ஏறியது. உண்ணாமுலை புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சைலஜாவைப் பார்த்தாள்.

"வயித்துப்பிள்ளைக்காரி, நீ ஏன் இங்க நிக்கறே? மாடிக்குப் போ. இந்த நாத்தம் குழந்தைக்கு ஆகாது."

சைலஜா மாடிப்படியில் ஏறி, பாதியில் கம்பிக் கிராதிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து கொல்லை முழுக்கத் தெரியும். மண்ணாங்கட்டி பிளாச்சைக் குழாய்க்குள் விட்டுக் குத்தினார். இழுத்தார். மறுபடி குத்தினார். வெயில் அவர் முதுகில் நேராக அடித்தது.

"அம்மா, ஜாஸ்தி அடைச்சிக்கினு கீது. துணி கிணி எதுனா போட்டீங்களா?" என்று குரல் கொடுத்தார்.

"எங்காத்துல யாரு துணி போடப் போறா?" உண்ணாமுலை கூடம் வரைக்கும் கேட்கிற மாதிரிதான் பதில் சொன்னாள். "எனக்கு நின்னு எட்டு வருஷம் ஆச்சு. மாட்டுப்பொண்ணு மூணு மாசமா முழுகாம இருக்கா. விலக்குக்கு உக்கார ஆளே இல்ல இந்தாத்துல."

"அப்ப சரிங்கம்மா" என்றார் மண்ணாங்கட்டி. சொல்லிக்கொண்டே பிளாச்சை வெளியே இழுத்தார். அதன் நுனியில் கருத்துச் சுருண்ட ஒரு பொதி வந்தது. குச்சியால் விரித்துப் பார்த்தார். பச்சைக் கரை தெரிந்தது. அவர் கை அப்படியே நின்றது. அடுப்படிப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு பக்கத்து வாழையிலிருந்து ஒரு இலையைக் கிழித்து அதன் மேல் போட்டு மூடினார். மறுபடியும் குத்தினார். இன்னும் வந்தது. ஒவ்வொன்றாக இலைக்கு அடியில் சேர்த்தார். கடைசியாக வந்ததைப் பார்த்ததும், தோளில் கிடந்த துண்டை எடுத்து அதை மட்டும் தனியாகச் சுற்றி வைத்தார்.

கூடத்தில் யாரோ காப்பி கேட்டார்கள். உண்ணாமுலை அந்தப் பக்கம் போனாள். சைலஜா எழுந்தாள். வெறுங்கையோடு போய் நின்றால் யாராவது பார்த்து ஏன் என்று கேட்பார்களே என்ற பதைப்பில், அடுப்படி மேடையிலிருந்து கைக்கு அகப்பட்ட பித்தளைச் சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு கொல்லைக்கு இறங்கினாள். அது உண்ணாமுலை பிறந்த வீட்டுச் சொம்பு. அதன் வயிற்றில் அவள் பேர் வெட்டியிருக்கும். மடித் தண்ணீருக்கு மட்டும் எடுப்பது.

மண்ணாங்கட்டி இலைக் குவியலுக்கு முன்னால் வந்து மறைத்துக்கொண்டு நின்றார்.

"இங்க வராதீங்கம்மா. போங்க."

சைலஜா சொம்பை நீட்டினாள்.

"கீழ வைங்க. கைல குடுக்கக் கூடாது நீங்க."

"குடிங்க" என்று கையிலேயே கொடுத்துவிட்டாள். அந்த வீட்டில் யாரும் அவரிடம் அதுவரை அப்படி மரியாதையாகப் பேசியதில்லை. அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கி, அண்ணாந்து ஊற்றிக் குடித்தார்.

"எத்தினி நாளு ஆச்சும்மா?"

"அஞ்சு."

"ஆஸ்பத்திரி?"

தலையை ஆட்டினாள்.

"இன்னும் போவுதா?"

அதற்கும் தலையைத்தான் ஆட்டினாள். ஆனால் இந்தத் தடவை ஆமாம் என்று.

"இன்னாம்மா நீங்க, படிச்சவங்க. எம் பொண்டாட்டிக்கு இந்த மாரி ஆனப்போ பெரியாஸ்பத்திரில நாலு நாள் படுக்க வச்சிருந்தாங்க. சும்மா வுட்டா உசுருக்கே வந்துரும். இன்னிக்கே போய்க் காட்டுங்க."

அந்த வீட்டில் ஐந்து நாளில் அவள் உடம்பைப் பற்றி விசாரித்த முதல் மனுஷர் அவர்தான். சைலஜாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"யார்ட்டயும் சொல்லிடாதீங்க. கால்ல விழறேன்."

"ஐய, இன்னா பேச்சு இது. நான் பாத்ததெல்லாம் வெளிய சொன்னா இந்த டவுன்ல எந்த வூட்டு மானம் நிக்கும்?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு முன்னால எங்கம்மாவுக்கு மூணு தங்கல. நாலாவது நானு. எமன் கண்ணு பட வேணாம்னு மண்ணாங்கட்டின்னு பேர் வச்சாங்க. உங்களுக்கும் தங்கும். அழுவாதீங்க."

"அத... என்ன பண்ணுவீங்க?"

"குப்பைல போட மாட்டேன். எங்கூரு ஏரிக்கரைல பொதைச்சிட்றேன். எங்கம்மாவோட மூணும் அங்கதான் கீது."

"யாருடி கொல்லையில?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. சைலஜா திரும்பிப் பார்க்காமல் படியேறி ஓடினாள். சொம்பு மண்ணாங்கட்டி கையிலேயே நின்றுபோயிற்று. அதை அடுப்படிக்குக் கொண்டுபோகவும் முடியாது, தரையில் போடவும் மனசு வரவில்லை. மண்ணைப் போட்டுத் தேய்த்து, நன்றாக அலம்பி, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் கவிழ்த்து வைத்தார்.

பதினொரு மணிக்கு வேலை முடிந்தது. தண்ணீர் கடகடவென்று இறங்கியது. கூடத்தில் ஒரு கூட்டமே நான் முந்தி நீ முந்தி என்று எழுந்தது. மண்ணாங்கட்டி வாய் கட்டிய சாக்கை மார்போடு அணைத்துக்கொண்டு பேப்பர் மேல் நடந்து வந்தார். சாக்கைத் தோளில் போடாமல் அப்படி அணைத்துக்கொண்டு வந்ததுதான் வினையாயிற்று.

விக்னேஷ்வரன் குளித்து மடியாக, ஈர வேஷ்டியோடு கோயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். அபிஷேகத் தண்ணீருக்குச் சொம்பு கேட்டான். உண்ணாமுலை அடுப்படி மேடையைப் பார்த்தாள். பாத்திர அலமாரியைப் பார்த்தாள். வெளியே வந்து மண்ணாங்கட்டியைப் பார்த்தாள்.

"நில்லுடா. சாக்குல என்ன?"

"குழாய்ல எடுத்த குப்பைங்கம்மா."

"பிரி."

"அசிங்கம்மா. வூட்டுக்குள்ள பிரிக்க வேணாம்."

"எங்கம்மா கொடுத்த சொம்பக் காணோம். காலம்பற மேடைல இருந்தது. அடுப்படி ஓரமா வந்து போனவன் நீ ஒருத்தன்தான். பிரிடா!"

சொம்பு என்றதும் மண்ணாங்கட்டியின் கண் கொல்லைப் பக்கம் போய், பிறகு மாடிப்படிக்குப் போயிற்று. அதன் கடைசிப் படியில் சைலஜா நின்றாள். சொம்பு கல்லுக்குப் பின்னால் இருக்கிறது என்று அவர் சொல்லலாம். அடுத்த கேள்வி, அங்கே எப்படிப் போயிற்று என்பது. அதற்கடுத்த கேள்வியும் உண்டு. அவர் வாயை மூடிக்கொண்டார்.

"பாத்தேளா, முழிக்கறத!" என்றாள் ஒரு அத்தை.

யாரும் சாக்கைத் தொட முடியாது. பாதிப் பேர் மடி, மீதிப் பேருக்கு அருவருப்பு. விழுப்புரத்து மாமா குடையை எடுத்து வந்தார். குடையின் கூர்முனையால் சாக்கை ஒரு குத்துக் குத்தினார். சாக்கிலிருந்து கருஞ்சிவப்பாக ஈரம் கசிந்து பேப்பரில் சொட்டியது. சைலஜா படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் குத்து எங்கே படுகிறது என்று அவளுக்கும் மண்ணாங்கட்டிக்கும் மட்டும்தான் தெரியும்.

"குத்தாதீங்க சாமி!" அவர் சாக்கை இறுக்கிக்கொண்டு குனிந்துவிட்டார். "உங்களுக்குப் புண்ணியமாப் போவும். குத்தாதீங்க."

"சொம்பு நசுங்கிடும்னு பாக்கறான்" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். குடை இப்போது அவர் தோளில் விழுந்தது. பிறகு கழுத்தில். பிறகு காதில். அவர் சாக்கை விடவில்லை. சாம்பமூர்த்தி குருக்கள் ஊஞ்சலில் உட்கார்ந்தபடி, "பேப்பர விட்டு வெளிய கால வெச்சுடப் போறான், பாத்து" என்றார்.

"போலீஸக் கூப்பிடலாம். அவாளே பிரிச்சுப் பாக்கட்டும்" என்று விக்னேஷ்வரன் செல்லை எடுத்தான்.

சைலஜா படியிலிருந்து இறங்கி வந்தாள். ஒரு வார்த்தை போதும். நான்தான் தண்ணீர் கொடுத்தேன் என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள் என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் வந்தது வேறு.

"விடுங்கோம்மா. அவன் கை பட்ட சொம்பு இனிமே நமக்கு எதுக்கு? அத வெச்சுண்டு சுவாமிக்கு ஜலம் மொள்ள முடியுமா? எடுத்துண்டு போய்த் தொலையட்டும்."

கொல்லையில் 'குடிங்க' என்ற அதே வாய்தான். மண்ணாங்கட்டி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். காதிலிருந்து ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை, சரியாகக் காதில் விழவில்லை என்கிறவர் மாதிரி பார்த்தார்.

"அதானே!" உண்ணாமுலைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "குருக்களாத்துப் பொண்ணுன்னா இப்படிப் பேசணும். கேட்டேளா எல்லாரும்? போடா, திருட்டு நாயே. கூலிதான் எடுத்துண்டுட்டியே. போறப்போ பேப்பரச் சுருட்டி எடுத்துண்டு போ."

ஒரு கையில் சாக்கும் ஒரு கையால் பேப்பருமாக, குனிந்து குனிந்து சுருட்டிக்கொண்டே அவர் வாசல் வரைக்கும் போனார். டி.வி.எஸ். சத்தம் தெருவில் தேய்ந்து போயிற்று.

அவர் நடந்த இடமெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அந்தச் சந்தடியில் சைலஜா வேறு ஏதோ வேலையிருப்பதுபோல் கொல்லைக்குப் போனாள். கல்லுக்குப் பின்னால் சொம்பு பளபளவென்று கவிழ்ந்திருந்தது. அதை உள்ளே கொண்டுபோய் வைத்தால், திருடாதவர் ஏன் சாக்கைப் பிரிக்கவில்லை என்று கேள்வி திரும்பும். வெளியே எறிய வழியில்லை, பின்சந்துதான் ஸ்டோர் ரூமாகிவிட்டதே. சேம்பர் மூடியை இரண்டு கையாலும் தம் பிடித்து நகர்த்தினாள். தொடை வழியே சூடாக இறங்கியது. சொம்பை உள்ளே போட்டு, துடைப்பக் கட்டையால் குழாய் வாய்க்குள் தள்ளினாள். உள்ளே போய்விட்டது. மூடியை இழுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டாள்.

"குனிஞ்சு நிமிந்து வேலை பண்ணாதேன்னா கேக்கறியா?" என்று மாமியார் மாதுளம் பழத்தை உரித்துத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அவளுக்கென்று உரித்த முதல் பழம். சைலஜா அதை ஒரு முத்து விடாமல் தின்றாள்.

உறவுக்காரர்கள் கிரிவலம் சுற்றி, காலைத் தேய்த்துக்கொண்டு, ஊர் போய்ச் சேர்ந்தார்கள். நாளைக்கு எப்படியாவது டாக்டரிடம் போய்விட வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த அன்று காலையில், கக்கூஸில் ஊற்றின தண்ணீர் மறுபடியும் மேலே ஏறி வந்தது.

விக்னேஷ்வரன் ஊரெல்லாம் போன் போட்டான். பௌர்ணமிக்கு அடுத்த வாரம், லாட்ஜுகள் முழுக்க அடைப்பு. ஒருத்தரும் வருகிற மாதிரி இல்லை. கடைசியில் உண்ணாமுலையே சொன்னாள், "திருடனானாலும் வேலை தெரிஞ்சவன். அவனையே கூப்பிடு." விக்னேஷ்வரன் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"வரேன் சாமி" என்றது மண்ணாங்கட்டியின் குரல். "கூலி வேணாம். ஆனா ஒண்ணு. இந்த வாட்டி உள்ளேர்ந்து இன்னா வந்தாலும் சாக்குல கட்ட மாட்டேன். கூடத்துல கொணாந்து பெரியம்மா எதிர்லயே கொட்டுவேன். பாத்துட்டு நீங்களே அள்ளிப் போடுங்க. எம் பொண்டாட்டி புள்ளைங்க எதிர்ல என்னத் திருடன்னு சொல்றாங்க சாமி, ஊர்ல."

"திமிரப் பாரு" என்றாள் உண்ணாமுலை. "வரட்டும், கொட்டட்டும். அப்படி என்ன புதையலக் கொட்டிடறான்னு பாக்கறேன். சைலஜா, பேப்பர விரி."

அவள் விரித்தாள். வாசற்படியிலிருந்து ஆரம்பித்து, கூடம், அடுப்படி ஓரம், கொல்லை நிலை. ஒன்றின் மேல் ஒன்று ஓரம் ஏறும்படி, இடைவெளி இல்லாமல். விரித்துவிட்டு வாசலுக்குத் திரும்பி வந்தபோது அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். காதில் பிளாஸ்திரி. பக்கத்தில் யாரும் இல்லை.

சொல்லிவிடலாம். உள்ளே இருப்பது சொம்பு, தயவு செய்து எடுக்காதீர்கள் என்று சொல்லலாம். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளால் அதைக் கேட்க முடியவில்லை.

"பொதைச்சீங்களா?" என்றாள்.

"அன்னிக்கே பொதைச்சிட்டேம்மா. ஏரிக்கரைல, வேப்பமரத்தாண்ட. ஒரு செம்பருத்தி குச்சி நட்டு வச்சிருக்கேன்" என்றார். "டாக்டர்கிட்ட போனீங்களா?"

அவள் பதில் சொல்வதற்குள் உண்ணாமுலை கூடத்துக்கு வந்து, நன்றாகப் பார்க்கத் தோதாக ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டாள். மண்ணாங்கட்டி பேப்பர் மேலேயே, சுவரில் கை படாமல், நடந்து கொல்லைக்குப் போனார். சற்று நேரத்தில் சேம்பர் மூடி நகர்கிற சத்தம் கேட்டது.